விழப்போகும் பல்லுக்கும் வேர் சிகிச்சை

பால்பல்லின் வேருக்குள் கெட்டுப்போன பற்கூழைச் சுத்தமாக எடுத்துவிட்டு, காலியான வேர்க்குழாயை மருந்துப் பசையால் நிரப்பி மூடுவதுதான் குழந்தைகளுக்கான வேர் சிகிச்சை. பல் மருத்துவர்கள் இதைப் பல்ப்பெக்டமி என்பார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோருக்கு இது 'ரூட் கேனால்'. பெரியவர்களுக்குச் செய்வதற்கும் அதே பெயர்தான். ஆனால் வேலை வேறு. பெரியவரின் பல்லில் நிரப்பும் பொருள் ஆயுள் முழுக்க அசையாமல் கிடக்க வேண்டும். குழந்தையின் பல்லில் நிரப்பும் பொருளோ, பல் விழும் காலம் வந்ததும் வேரோடு சேர்ந்து தானும் கரைந்துபோக வேண்டும். எந்த மருந்து, எந்தக் கருவி, பல்லைக் காப்பாற்றுவதா பிடுங்குவதா என்ற கேள்விகள் எல்லாமே இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான் வருகின்றன.

பால்பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய 6 மாதத்தில் கீழ் முன்பல் எட்டிப் பார்க்கும்; 3 வயதை ஒட்டி இருபதும் வந்துவிடும். 6, 7 வயதில் முன்பற்கள் ஆடி விழுவதைப் பார்த்துவிட்டு, எல்லாப் பால்பல்லுக்கும் அதுதான் கெடு என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கு தப்புவது இங்கேதான். முதல் பால் கடைவாய்ப்பல் 9 முதல் 11 வயதுக்குள்தான் விழும். இரண்டாவது கடைவாய்ப்பல் 10 முதல் 12 வயதுவரை இருக்கும். 4 வயதுக் குழந்தைக்கு அந்த இரண்டாவது கடைவாய்ப்பல் சொத்தையானால், அது இன்னும் 6, 7 ஆண்டுகள் சோறு மென்றாக வேண்டிய பல். 'விழுற பல்லுக்கு எதுக்குச் செலவு?' என்று கேட்கும் பாட்டிக்கு இந்த வயதுக் கணக்கே போதுமான பதில்.

பால்பல் பார்வைக்குப் பெரியவர்களின் பல்லைச் சின்னதாக்கியதுபோல் இருந்தாலும் உள்ளே அமைப்பு வேறு. மேலே இருக்கும் எனாமல் உறை சுமார் 1 மில்லிமீட்டர். நிலைப்பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. அதற்கு அடியிலுள்ள டென்டினும் மெல்லியது. நரம்பும் இரத்தக்குழாயும் நிறைந்த பற்கூழ் அறையோ பல்லின் அளவுக்கு மீறிப் பெரியது. அதன் மூலைகள் மேற்பரப்புக்கு வெகு அருகில் வரை நீண்டிருக்கும். அதனால் பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஊறி இறங்கும் சொத்தை, குழந்தைக்குச் சில மாதங்களிலேயே கூழைத் தொட்டுவிடுகிறது. இரண்டு கடைவாய்ப்பற்களும் பக்கவாட்டில் அகலமாக ஒட்டி நிற்பவை. அந்த இடுக்கில் பிஸ்கட் மாவு அடைத்துக்கொண்டால் துலக்கினாலும் போகாது. வெளியில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் தெரியும். உள்ளே பாதிப் பல் குடைந்திருக்கும். ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது விளிம்பு உடைந்து விழுந்த பிறகுதான் 'நேத்துவரைக்கும் நல்லா இருந்துச்சே' என்ற பேச்சு எழுகிறது.

குழந்தைகளின் சொத்தையில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு வகை உண்டு. பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நான்கும் வரிசையாகக் கரையும். கீழ் முன்பற்கள் நாக்கின் மறைவில் தப்பித்துவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், சர்க்கரை போட்ட பால் இரவெல்லாம் பல்லின்மேல் தேங்கி நிற்பதே காரணம். பல்லில் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைக்கும் வழக்கம் கிராமங்களில் இருந்தது. பல்லுக்குள் புழு எதுவும் கிடையாது. வாயில் வாழும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது; அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது.

சொத்தை கூழைத் தொட்டதும் வலி. இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் மட்டும் சுருக்கென்று வலித்து உடனே அடங்கினால் கூழ் இன்னும் பிழைத்திருக்கிறது என்று பொருள். ஒன்றும் சாப்பிடாமலே, நடுராத்திரியில் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழுதால் கூழின் கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது. அடுத்த கட்டம்தான் ஏமாற்றுவது. கூழ் செத்துப்போகிறது, வலி நின்றுவிடுகிறது, வீட்டில் நிம்மதி. சில வாரங்களில் ஈறில் மிளகு அளவு கொப்புளம் ஒன்று தோன்றும். அழுத்தினால் சீழ் வரும். மறுபடி வற்றும், மறுபடி வரும். பால் கடைவாய்ப்பல்லின் கூழ் அறைத் தளத்தில் நுண்ணிய துணைக்குழாய்கள் இருப்பதால், கிருமி வேர் நுனிவரைக்கும் போகாமல் நேரே வேர்கள் பிரியும் கவட்டையில் இறங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் அந்தக் கவட்டையில் எலும்பு கரைந்த கறுப்பு நிழல் தெரியும். வலி இல்லாத இந்தக் கொப்புளம், வலிக்கும் பல்லைவிட ஆபத்தானது.

காரணம், அந்தக் கவட்டைக்குள் ஒரு குடியிருப்பு இருக்கிறது. பால் கடைவாய்ப்பல்லின் விரிந்த வேர்களுக்கு நடுவில்தான் அதற்குப் பதிலாக வரவேண்டிய நிலைப்பல்லின் கரு வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பல்லின் எனாமல் ஏறக்குறைய 6, 7 வயதுவரை உருவாகும். அந்தக் காலத்தில் மேலிருந்து சீழ் இறங்கினால் எனாமல் சரியாகப் படியாமல், மஞ்சளோ பழுப்போ படர்ந்து, குழி விழுந்த பல்லாக அது பின்னால் முளைக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்த ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் டர்னர் பல் என்கிறார்கள். 4 வயதில் கவனிக்காமல் விட்ட சீழ், 11 வயதில் கறையோடு முளைக்கும் பல்லாகத் திரும்பி வருகிறது.

பால்பல்லின் இன்னொரு வேலை இடம் பிடிப்பது. பஸ் சீட்டில் துண்டைப் போட்டு வைப்பதுபோல, கீழே வரப்போகும் பல்லுக்காக அது தாடையில் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 6 வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கும்போது, முன்னால் இரண்டாவது பால் கடைவாய்ப்பல் இல்லையென்றால் அது முன்னோக்கிச் சரிந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 11 வயதில் வரும் பல்லுக்கு இடம் இருக்காது. அது கோணலாக வெளியே தள்ளும், அல்லது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிற்பாடு கம்பி போட்டுப் பல்லை வரிசைப்படுத்தும் செலவில் ஒரு பகுதி, முன்கூட்டியே பிடுங்கிய ஒரு பால்பல்லில் தொடங்கியதாக இருக்கும். பால்பற்கள் இருபதிலும் எதைக் காப்பாற்றக் கூடுதலாகப் பாடுபட வேண்டும் என்று கேட்டால் இரண்டாவது கடைவாய்ப்பல்லைத்தான் சொல்ல வேண்டும். முன்பல் போனால் தோற்றம் கெடும், பேச்சில் சில எழுத்துகள் குழறும். இடம் அவ்வளவாகப் போகாது.

இந்தியப் பல் மருத்துவக் குழுமம் 2002-03இல் நடத்திய நாடு தழுவிய வாய்நலக் கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. அதாவது பள்ளிக்கூடத்தில் முதல் முறையாகக் காலடி வைக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல். சிதம்பரம் பள்ளிகளில் 5 முதல் 15 வயதுவரையிலான பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்து, சொத்தையையும் குடும்பத்தின் பொருளாதார நிலையையும் தேவைப்படும் சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. இந்தப் பகுதியில் அப்படி ஓர் ஆய்வு நடப்பதற்கு ஏற்ற சூழல் முன்பே இருந்தது. தமிழகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் 1953இல் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் அண்ணாமலை நகரில் வந்தது. 2021 ஜனவரியில் அது பக்கத்திலிருக்கும் மருத்துவக் கல்லூரியோடு சேர்த்து மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் கொண்டுவரப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசுக் கல்லூரி ஆயிற்று. அதற்கு முன்னால் கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டம் சிதம்பரத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். புதுக்கோட்டையின் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023இல்தான் திறந்தது. கடலூர் நகரத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் 45 கிலோமீட்டர். வடக்கே புதுச்சேரியில் 1990இல் தொடங்கிய மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி அதைவிடப் பக்கம். காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டை, கொள்ளிடம் தாண்டி சீர்காழிப் பக்கத்து மக்களுக்குச் சிதம்பரம்தான் வசதி.

சொத்தை ஆழமாக இருக்கிறது என்பதாலேயே வேர் சிகிச்சை தேவை என்று ஆகிவிடாது. கூழ் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்பதே முடிவு செய்யும். மேல் அறையிலுள்ள கூழ் மட்டும் பாதிக்கப்பட்டு, வேருக்குள் இருப்பது உயிரோடு இருந்தால், மேல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மருந்து வைத்து மூடினால் போதும். இது பல்ப்பாட்டமி. இதற்கு நூறாண்டு காலம் ஃபார்மோகிரசால் என்ற மருந்தே கோலோச்சியது, இப்போது எம்.டி.ஏ., பயோடென்டின் போன்ற கால்சியம் சிலிகேட் சிமென்ட் வகைகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. பல்ப்பாட்டமியா, பல்ப்பெக்டமியா என்பது சில நேரம் நாற்காலியில்தான் தெரியவரும். மேல் கூழை வெட்டியபின் ஈரப் பஞ்சை வைத்து அழுத்துவார்கள். சில நிமிடத்தில் இரத்தம் நின்றுவிட்டால் வேர்க்கூழ் நன்றாக இருக்கிறது. நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தாலோ, அறையைத் திறந்ததும் இரத்தமே இல்லாமல் நாற்றமும் சீழும் வந்தாலோ வேர்வரை இறங்கியாக வேண்டும்.

சிகிச்சை எக்ஸ்ரேயில் தொடங்கும். வேர் எவ்வளவு மிச்சமிருக்கிறது, கவட்டையில் எலும்பு எப்படி, கீழே நிலைப்பல் எந்த உயரத்தில் நிற்கிறது என்ற மூன்றையும் அந்தச் சின்னப் படம் சொல்லும். அடுத்தது மரத்துப்போகும் ஊசி. லிக்னோகெய்ன் மருந்தைக் குழந்தையின் எடையைக் கணக்கிட்டுத்தான் போடுவார்கள், கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் உச்சவரம்பு. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வழக்கமான 2 சதவீத மருந்தில் சுமார் 3 மில்லிக்கு மேல் போகக் கூடாது. ஊசி போடும் இடத்தில் முதலில் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவுவார்கள். 'ஊசி' என்ற சொல்லை வாயில் எடுக்காமல், சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்ற முறையில் குழந்தையைப் பழக்குவது தனிப் பயிற்சி. குழந்தைகள் பல் மருத்துவம் தனி முதுநிலைப் படிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் 'சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லுவேன்' என்று மிரட்டி வளர்த்த பிள்ளையை நாற்காலியில் உட்கார வைப்பது எத்தனை பாடு என்பதை அந்தத் துறைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டி, வாயின் மற்ற பகுதியிலிருந்து அந்த ஒரு பல்லை மட்டும் பிரித்துக்கொள்வார்கள். எச்சில் உள்ளே போகாது. கருவி நழுவினாலும் தொண்டைக்குள் விழாது. சொத்தையைச் சுரண்டி, கூழ் அறையின் கூரையை எடுத்ததும் வேர்க்குழாய்களின் வாய்கள் ஊசித் துளைகளாகத் தெரியும். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று, சில நேரம் நான்கு. ஃபைல் எனப்படும் மெல்லிய திருகுக் கம்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக் கூழை வழித்தெடுப்பார்கள். கம்பியின் பிடிக்குத் தடிமனுக்கு ஒரு நிறம்: 15ஆம் எண் வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை. கம்பியில் கோத்த சிறு ரப்பர் வளையம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அடையாளம். வேர் நுனிக்கு 1, 2 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். தாண்டினால் கீழே பல் கரு இருக்கிறது. பால்பல்லின் வேர்க்குழாய் உருண்டையாக இருக்காது. நாடாபோல் தட்டையாக, வளைந்து, அங்கங்கே கிளைத்திருக்கும். கம்பி தொடாத மூலைகள் நிச்சயம் இருக்கும். அதனால்தான் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட், உப்புநீர் போன்ற திரவங்களால் திரும்பத் திரும்பக் கழுவுவது கம்பி வேலைக்கு நிகரான முக்கியம் பெறுகிறது. சீழ் அதிகமாக இருந்தால் அன்றைக்கே நிரப்பாமல் மருந்துப் பஞ்சு வைத்து மூடி, சில நாள் கழித்து வரச் சொல்வதும் உண்டு.

கையால் திருகும் கம்பி நேரம் பிடிக்கும். குழந்தையின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிடும். மோட்டாரில் சுழலும் நிக்கல்-டைட்டானியம் ஃபைல்களைப் பால்பல்லில் பயன்படுத்தலாம் என்று 2000ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அவை பெரியவர்களின் பல்லுக்கான நீளமான கருவிகள். பிள்ளையின் சின்ன வாய்க்குள் திருப்புவதே கடினம். பால்பல்லுக்கென்றே குட்டையாக வடிவமைத்த கீடோ-எஸ் ஃபைல்கள் பிறந்தது சென்னையில், சவீதா பல் மருத்துவக் கல்லூரியில். மொத்தம் 16 மில்லிமீட்டர் நீளம். அதில் வெட்டும் பகுதி 12. இவை வந்தபின் சுத்தம் செய்யும் நேரம் கணிசமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் உருவான ஒரு கருவியைப் பற்றிப் பல நாடுகளில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

இனி நிரப்பும் பொருள். பெரியவர்களுக்கு நிரப்பும் கட்டா-பெர்ச்சா என்ற பிசின் குச்சி கரையாது. பால்பல்லில் அதை வைத்தால் வேர் கரையும்போது குச்சி மட்டும் நட்ட நடுவில் நின்று, மேலே ஏறிவரும் நிலைப்பல்லை வழிமறிக்கும். ஆகவே பால்பல்லுக்கான பசை வேரின் வேகத்திலேயே கரைய வேண்டும். நுனி தாண்டிக் கொஞ்சம் வெளியே போனாலும் திசு அதை உறிஞ்சிவிட வேண்டும். பல் கருவைப் புண்ணாக்கக் கூடாது. கிருமியை அடக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். தேவைப்பட்டால் சுரண்டி எடுக்க வர வேண்டும். இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்த பசை இன்றுவரை அமையவில்லை.

1930களிலிருந்து புழக்கத்தில் இருப்பது துத்தநாக ஆக்சைடு, யூஜினால் கலவை. யூஜினால் என்பது கிராம்புத் தைலத்தின் சாரம். பல்வலிக்குக் கிராம்பைக் கடித்து வைத்துக்கொள்ளும் வீட்டு வைத்தியமும் இந்தச் சிகிச்சையும் ஒரே பொருளில் சந்திக்கின்றன. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசனையில் பெரும்பங்கு இதற்குத்தான். வெள்ளைப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் தைலத்தோடு குழைத்து, லென்டுலோ என்ற சுருள் கம்பியால் வேருக்குள் சுழற்றி இறக்குவார்கள். மலிவு, பல்லாண்டு அனுபவம், வேருக்குள் நிலைத்து நிற்கும் குணம் என்று அதற்குப் பலம் உண்டு. குறை என்னவென்றால் அது வேரைவிட மெதுவாகக் கரையும். பல் விழுந்தபிறகும் சில துணுக்குகள் ஈறுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதும், அரிதாகப் புதுப்பல் திசை மாறி முளைப்பதும் பதிவாகியுள்ளன.

இதற்கு நேர் எதிர் ஐயோடோஃபார்ம் பசைகள். கால்சியம் ஹைட்ராக்சைடும் ஐயோடோஃபார்மும் கலந்து, சிரிஞ்சில் அடைத்தே வரும் ஜப்பானிய விட்டாபெக்ஸ், கொரிய மெட்டாபெக்ஸ் ஆகியவை இங்கே பல கிளினிக்குகளில் பார்க்கக் கிடைப்பவை. மஞ்சள் நிறம், மென்மையான பசை. மெல்லிய நுனியை வேருக்குள் விட்டு அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுத்தால் நிரம்பிவிடும். குழைக்கும் வேலை இல்லை. நுனி தாண்டினால் சில வாரங்களில் மறைந்துவிடும். ஆனால் இவை அவசரக்காரப் பசைகள். வேர் இருக்கும்போதே வேருக்குள்ளிருந்தும் கரைந்து, சில பற்களில் குழாயை மறுபடி வெறுமையாக விட்டுவிடும். அயோடின் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இவற்றை வைக்கக் கூடாது. துத்தநாக ஆக்சைடு, யூஜினால், கால்சியம் ஹைட்ராக்சைடு, ஐயோடோஃபார்ம் எல்லாவற்றையும் சேர்த்த எண்டோஃப்ளாஸ் போன்றவை இரண்டுக்கும் நடுவழி தேடியவை. 2018இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வேர் நிரப்புவதில் எந்தப் பசையும் மற்றெல்லாவற்றையும் வென்றதாக உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. விட்டாபெக்ஸைவிடப் பழைய துத்தநாக ஆக்சைடு-யூஜினால் மேலாக இருக்கலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு.

நடைமுறையில் இதற்குக் கணக்கு எளிது. பல் விழ இன்னும் 5, 6 ஆண்டுகள் இருந்தால் மெதுவாகக் கரையும் பசைக்கு நியாயம் உண்டு. சீக்கிரம் விழப்போகும் பல் என்றால் வேகமாகக் கரைவது குறையாகாது. 4 வயதுப் பிள்ளைக்கும் 8 வயதுப் பிள்ளைக்கும் யோசிக்காமல் ஒரே சிரிஞ்சை நீட்டுவது, பசையை வேகத்துக்காகத் தேர்ந்தெடுக்காமல் வசதிக்காகத் தேர்ந்தெடுப்பதுதான். எதை நிரப்பினார்கள், ஏன் என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

வேரை நிரப்பியதோடு வேலை முடிவதில்லை. பாதிக்கு மேல் உடைந்த பல். சிமென்ட் மட்டும் அடைத்தால் மெல்லும்போது விரிசல் விடும், எச்சில் கசிந்து உள்ளே போகும், நிரப்பியது வீணாகும். அதனால் கடைவாய்ப்பல்லுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தொப்பி போடுவது வழக்கம். மக்கள் வாயில் அது 'கேப்'. 1950 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அளவு வாரியாகப் பெட்டியில் தயாராக இருக்கும் தொப்பிகளில் பொருந்துவதை எடுத்து, சிமென்ட் தடவி வைத்து, குழந்தையையே கடிக்கச் சொல்வார்கள், 'டக்'கென்று உட்காரும். வெள்ளி நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோருக்காக வெள்ளை ஸிர்கோனியா தொப்பியும் வந்துவிட்டது. அதற்குப் பல்லை அதிகமாகச் செதுக்க வேண்டும், செலவும் கூடும். பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லுக்கு எஃகே போதும். பல் விழும்போது தொப்பியும் அதோடு விழும். வேர் சிகிச்சைக்குப் பணம் கொடுத்துவிட்டு 'கேப் அப்புறம் போட்டுக்கலாம்' என்று ஒத்திப்போடுவது, கூரை போடாமல் விட்ட வீட்டின் கதிதான் ஆகும்.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது, தொப்பி பிடித்து நிற்க மேலே பல்லே மிச்சமில்லை, கூழ் அறையின் தளம் துளைந்துவிட்டது, சீழ் நிலைப்பல்லின் கருவை எட்டிவிட்டது என்றால் பிடுங்குவதே சரி. பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை ஆகியோருக்குக் கிருமி இரத்தத்தில் கலப்பது உயிராபத்து. அங்கே அந்த நோயைப் பார்க்கும் மருத்துவரிடமும் கேட்டபிறகே முடிவு, பெரும்பாலும் பிடுங்கும் பக்கமே சாயும். பிடுங்கிய இடத்தை வெறுமனே விடாமல் பக்கத்துப் பல்லில் பட்டையும் கம்பி வளையமுமாக ஒரு இடங்காப்பான் பொருத்துவார்கள். இதைப் பெற்றோர் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். பல் எடுத்ததும் வலி போய்விட்டதே என்று மறுமுறை வருவதில்லை. குழாய்கள் ஃபைலால் சுத்தம் செய்ய முடியாத நிலையில் இருக்கும், ஆனாலும் ஓராண்டு வரையாவது அந்த இடத்தைப் பிடித்து வைக்க வேண்டிய பல்லுக்கு, மூன்று ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் குழைத்து அறையில் வைத்து மூடும் முறை ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அது தற்காலிக ஏற்பாடு.

சிகிச்சை முடிந்த அன்று உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். குழந்தைக்கு அது விளையாட்டு. உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மறுநாள் வீங்கிய உதட்டைப் பார்த்துச் சிகிச்சை கெட்டுவிட்டது என்று பயந்து ஓடிவரும் பெற்றோர் உண்டு. மரப்பு நீங்கும்வரை சாப்பிடக் கொடுக்காமல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். கல்லூரி மருத்துவமனையில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வதால் தனியார் கிளினிக்கைவிட நேரம் கூடுதலாக ஆகும், இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். அரைநாள் வேலையை விட்டு வரத் தயாராக வருவது நல்லது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பற்களையும் பார்க்கிறது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு வரலாம்.

வேர் நிரப்பிய பால்பல்லை 6 மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். ஈறில் மறுபடி கொப்புளம் வந்தாலோ, கவட்டையில் கறுப்பு நிழல் பெரிதானாலோ அந்தப் பல்லை எடுத்துவிடுவார்கள். விழ வேண்டிய வயது தாண்டியும் அது அசையாமல் நின்று, புதுப்பல் பக்கத்தில் முளைத்தாலும் எடுத்துவிட வேண்டும். 3 வயதுக்குள் அரிசியளவும் அதன்பின் பட்டாணியளவும் ஃப்ளோரைடு பற்பசை வைத்து, இரவு படுக்கப் போகுமுன் பெற்றோரே பல் துலக்கிவிட்டால் இவ்வளவு வேலையில் பெரும்பகுதி மிச்சம். ஈறில் கொப்புளம் கண்ட பிள்ளையைப் பள்ளி விடுமுறைக்காகக் காத்திராமல் அந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள்.